தேடி வந்த முதல் ஆர்டர்

“உன் வெப்சைட் வேலை செய்யுதுடா!”

செருப்பைக்கூடக் கழற்றாத தம்பியிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

பின்னே? நாங்கள் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆட்கள். நாங்கள் என்றால் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளியும். போன் எடுப்பது நான். வேலை குறைந்துபோனதும், கம்ப்யூட்டர் படித்த தம்பி டொமைன் பெயர் ஒன்று வாங்கி, எங்களுக்கென்று ஒரு பக்கம் கட்டிக் கொடுத்தான். அதில் போடுவதற்காகவே புது சிம் வாங்கினோம். அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

போட்ட நாளிலிருந்து அந்தப் போன் கல்லு மாதிரி கிடந்தது. தம்பியை நான் திட்டாத திட்டில்லை.

இன்று காலை அது அடித்தது.

அழைத்தவர் பேச்சில் அத்தனை பணிவு. வீட்டுக்குள்ளேயே, தரைக்கடியில் தொட்டியாம். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று, காதால் கேட்கும் ஆசைக்குத்தான், கேட்டேன். “தேடினதும் முதல்ல நீங்கதாம்மா வந்தீங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே நிற்பது எங்கள் வழக்கம். கூட்டாளிக்குக் காய்ச்சல். அதையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். மேலே தானே நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார் அந்த மனுஷன். வீட்டுக்காரர் தயங்கத்தான் செய்தார். வீடு தேடி வந்த முதல் ஆர்டரை விடுவதா என்று நான்தான் விரட்டி அனுப்பினேன்.

கேட்ட தம்பிக்கு முகமெல்லாம் பல். அங்கேயே நின்றபடி தன் போனில் தேடிக் காட்டினான்.

நாங்கள் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. எங்கள் பெயரையே முழுசாகத் தட்டிப் பார்த்தான். அப்போதும் இல்லை.

லேப்டாப்பைத் திறந்து எதையோ நோண்டினான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பக்கம் கட்டும்போது, அரைகுறை வேலை ஊர் கண்ணில் படக்கூடாது என்று, தேடலில் வராமல் தடுக்க ஒரு டிக் போட்டுவைப்பார்களாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவன் எடுக்க மறந்திருக்கிறான்.

“யாரு தேடினாலும் நாம வரவே மாட்டோம்க்கா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்ல.”

மண்டையில் ஒரு குட்டு வைக்கக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அப்படியென்றால் அந்த மனுஷனுக்கு நம்பர் எப்படிக் கிடைத்தது? வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். கடவுளே, எடுங்க, எடுங்க.

எடுத்தார். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

“உள்ளதான் இருக்கேன். தொட்டி பளிச்சுனு இருக்கு, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எதுக்குத்தான் கூப்பிட்டாங்களோ.”

“மேல ஏறி வாங்க!” என்று கத்தினேன்.

அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சம் வரல” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.