பயந்தவருக்கு வழி

“உங்க அப்பா முகத்துல பயமே இல்லன்னு பாலம் காட்டுதும்மா. நான் என்ன செய்ய?” என்றார் பாலத்துக் காவலர் ஜெபசிங்.

“நெஞ்சு வலிக்குன்னு சொல்லுதாரேண்ணே! என் முகத்தப் பாருங்க” என்றாள் வடிவு.

“நோயாளிய கூட்டிட்டு வந்தா நோயாளி முகந்தான் கணக்கு.”

பாலத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் ஒரு தடம் மட்டும் திறந்திருந்தது. யார் முகத்தில் அதிகப் பயம் தெரிகிறதோ, அந்த வண்டியைத்தான் பாலம் முதலில் விடும். முன்னால் ஒருவர் விம்மி விம்மி அழுதபடி தக்காளி வண்டியோடு கடந்துபோனார்.

வீட்டிலிருந்து வழிநெடுக வடிவுதான், “வெறும் வாயுப்பா, ஒண்ணுமில்ல” என்று அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தாள். பதறினால் இதயம் தாங்காது என்று நினைத்தாள். அவரும் நம்பிவிட்டார்.

ஆட்டோவில் சாய்ந்திருந்த அப்பா பொன்னையா, நீலம் பாய்ந்த உதட்டால் சிரித்தார். “வாயுதானே தாயி. மெதுவாப் போவோம்.”

அக்கரையில் மருத்துவமனைப் பலகை தெரிந்தது. பின்னால் ஒரு கார்க்காரர் அலறினார். தடுப்பு அவருக்காக உயர்ந்தது.

வடிவு அப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

“அப்பா, கொஞ்சம் பயப்படுங்கப்பா.”