எதிர்வீட்டுக் கரோக்கே

“ரிட்டயர் ஆயாச்சு அமாடோ. மணிலாவே வேண்டாம், என் தங்கச்சி ஊருக்கே போயிடலாம். நல்ல காத்து, மீனும் மலிவு. முக்கியமா, எதிர்வீட்டு டோனிங் கரோக்கேல கத்துற கத்து அங்க கிடையாது!” என்றாள் லிகாயா.

“ஆஸ்பத்திரி தூரமாச்சே. அதோட, அந்த ஊர் அமைதிதான் எனக்குப் பயம்” என்றபடி அமாடோ ரொட்டி வாங்கக் கிளம்பினார்.

லிகாயா சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ, டோனிங் பாட்டை நிறுத்திவிட்டான்.

வெகுநேரம் கழித்து ஒரு ட்ரைசைக்கிள்காரர் அமாடோவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

“ஏன்டா டோனிங் பாட்டை நிறுத்தினே? வீடு தெரியாம சர்ச் வரைக்கும் போயிட்டேன்டா!” என்று கத்தினார் அமாடோ.

அவர் வழி தட்டித் தடவி நடக்கும் வெள்ளைக் குச்சியை வாங்கி மடக்கிய லிகாயா, எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நீ நல்லா இருப்பே டோனிங், இன்னும் சத்தமாப் பாடு!”