பச்சைப் பொத்தான்

காலடிகளை எண்ணும் மதுமிதாவின் கைப்பட்டை தொண்ணூற்றொன்பது நாட்களாகச் சகாயமேரியின் மணிக்கட்டில்தான் இருந்தது. ஊரையே நடக்க வைக்கும் செயலியை வடிவமைத்தவளுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. ஆபீசிலோ, நூறு நாள் விடாமல் தினம் பத்தாயிரம் அடி நடப்பவரை மேடையேற்றப் போகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நடையா பஞ்சம்?

நூறாவது நாள் சாயங்காலம் எண் ஒன்பதாயிரத்தைத்தான் எட்டியிருந்தது.

"ஆறு மாடியையும் நாலு தடவ ஏறி இறங்கிட்டு வந்துருங்கக்கா."

"காலைலேர்ந்து நெஞ்ச என்னவோ பண்ணுது மேடம்."

"நடந்தா சரியாயிடும்."

சகாயமேரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது சுற்றில் மதுமிதாவின் போன் சிவந்து அதிர்ந்தது. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறதென்று சொல்லி இரண்டு பொத்தான்களைக் காட்டியது: 'உதவி வேண்டும்', 'நலமாக இருக்கிறேன்'. முதலாவதைத் தொட்டால் அன்றைய நடைக்கணக்கு அத்தோடு முடிந்துவிடும். பார்ப்பவர்கள் மிரளக் கூடாதென்று இரண்டாவதைப் பெரிதாக்கிப் பச்சை பூசியது அவள்தான்.

பச்சையைத் தொட்டாள். 'உங்கள் உடம்பு சொல்வதைக் கேட்டீர்கள், சபாஷ்!' என்று திரையில் பூ உதிர்ந்தது. அந்த ஒரு வரிக்காக அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

எண் மெல்ல ஏறிக்கொண்டே போய் 9,962இல் நின்றது. மதுமிதா ஒரு நிமிடம் பார்த்தாள், இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, இன்னும் முப்பத்தெட்டுதான்!"