மேல் நோக்கி வளர்ந்த வேர்

நிலத்தைத் துளையிட்டு எடுத்து, கொட்டகையில் வரிசையாக வைத்திருந்த கல் உருளைகளை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நிலவியலாளர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

நிமிராமல் என்ன செய்வார்? இந்த வட்டாரத்து நிலக்கரிப் பாறைகளில் ‘மேற்பரு மணற்கல்’ என்று ஓர் அடுக்கைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவரே அவர்தான்.

மற்ற மணற்கல் அடுக்குகளில் அடியில் பருமணல், மேலே போகப்போக நைசு. இது மட்டும் நேர்மாறு. அதற்காகத்தான் தனிப் பெயர், பதவி உயர்வு, பாடப்புத்தகத்தில் இரண்டு வரி எல்லாம். இன்று மூன்று மணிக்குப் பெயர்க் குழு அதை நிரந்தரப் பட்டியலில் ஏற்றப் போகிறது.

புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் பெண், பதினெட்டு வருடப் பழைய பெட்டியில் இருந்த உருளை மேல் தண்ணீர் தெளித்தாள். ஈரம் பட்டதும் கல்லுக்குள் கறுப்பாக வேர்கள் தெரிந்தன. எந்தக் காலத்துச் செடியோ.

“சார், இதுல வேரெல்லாம் மேல பாத்துப் போகுதே?”

ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உருளைகள் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தன. புது அடுக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

நிலவியலாளருக்குக் காதெல்லாம் சுட்டது. புத்திக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

“துளை போட்ட ஆள் மாத்தி அடுக்கிட்டான் போல.”

சொன்ன பிறகுதான் வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற காவலாளியைப் பார்த்தார். பதினெட்டு வருடத்துக்கு முன் அந்தத் துளையைப் போட்டவர் இந்தக் காவலாளிதான்.

அவர் சரியாகத்தான் அடுக்கியிருந்தார். அவசரமாக எடுத்துப் பார்த்து மாற்றி வைத்தது நிலவியலாளரின் கை. அறிக்கை போன மறுநாளே கூடாரத்துக்கு வந்து, உருளைகள் தலைகீழாக இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னவரை, “உன் வேலையப் பாரு” என்று விரட்டியதும் இதே வாய்தான்.

காவலாளி ஒரு கணம் நிலவியலாளரின் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா. நான்தான் மாத்தி வச்சிட்டேன்.”

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். நிலவியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உங்க பேரு சொல்லுங்கண்ணா, அறிக்கையில குறிக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

எழுத வசதியாக, இனிஷியலோடு நிறுத்தி நிறுத்திச் சொன்னார் காவலாளி.

பதினெட்டு வருடமாக அவரை ‘யோவ்’ என்றே கூப்பிட்டு வந்த நிலவியலாளர், அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.