உள்ளறை டைப்ரைட்டர்

ஒரு பொம்பளையைப் பேயாக்கியவர் நீர்தான். உம் பேர் சொல்லமாட்டேன். பீச் ரோட்டில், கப்பல் சரக்குக் கம்பெனியில், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பீர். முழுசாகப் படியும்.

ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டே டைப்பிங் கற்றவன் நான். கல்மண்டபத்தில் சொந்தமாக டைப்பிங் கடை போட ஒரு மெஷின் தேடினேன். சும்மா மெஷின் போதாது. கப்பல் சரக்குப் பட்டியல் அகலத் தாள். தாளைச் சுற்றிப் பிடித்து நகரும் கேரேஜ் நீளமாக இருக்க வேண்டும். கார்பன் எத்தனை வைத்தாலும் அடிக் காப்பி தெளிவாக விழ வேண்டும்.

தவசிமுத்து அண்ணாச்சியின் பழைய சாமான் கடைக்குப் போனேன். ஊரில் ட்ராம் ஓட்டம் நின்ற காலத்திலிருந்து கடை நடத்துகிறவர். முன்னால் இருந்த மெஷினெல்லாம் குட்டை. ஒன்றில் ரோலர் வழுக்கியது, ஒன்றில் வரி முடிவில் மணி அடிக்கவில்லை.

உள்ளறை இருட்டில் ஒன்று தெரிந்தது. நீள கேரேஜ்.

"அண்ணாச்சி, அத்த காட்டு."

"அது வேண்டாம் வே."

"இன்னா வேண்டாம்? பேஜாரு பண்ணாத. வெலைய சொல்லு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல ஒரு பொம்பள இருக்கா. மத்தியானம் கடையச் சாத்தினா அடிப்பா."

"பேய் கீதுன்னா வெலைய கொறைக்கணும் நைனா. ஏத்தப் பாக்காத!"

சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். மெஷின் மேல் கை வைத்துக் குனிந்தேன். கீகளில் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாம் தேய்ந்து, கருவிழி இல்லாத கண்களாக என்னைப் பார்த்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி. தொட்டேன். சூடு.

"யாரு குந்தியிருந்தது இதுல?"

"யாருமில்ல" என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த தாயம்மாவைக் கேட்டேன்.

"அய்ய, மத்தியானத்துல அந்தாண்ட போவாத மாமு! அண்ணாச்சி மந்திரம் சொல்லுவாரு, அது டக்குடக்குனு பதில் சொல்லும். உள்ள ஒரு வெளக்கு கெடையாது. ஏதோ கம்பெனில ஒரு பொண்ணு அடிச்சிகினு இருந்த மெஷினாம். அவ இன்னா ஆனாளோ, அதுக்கப்பறம் யாரும் பாக்கல."

பேயைவிட ஏமாறுவதுதான் எனக்குப் பயம். மறுநாள் மத்தியானம் போனேன். வெயிலில் தெரு செத்துக் கிடந்தது. கடைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே முணுமுணுப்பு. சாவு வீட்டு ஜெபம் மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அது நிற்கும். உடனே டக், டக், டக். ஒரு மணிச் சத்தம். மறுபடி முணுமுணுப்பு.

கதவைத் தள்ளினேன். உள்ளறை வாசலில் அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கையில் ஒரு தாள். இருட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரங்கூன்... தோல் கட்டு... நாப்பது..."

இருட்டு பதில் சொன்னது. டக், டக், டக்.

யாரையோ உள்ளே வைத்து என்னை ஏமாற்றுகிறார். கோபம் வந்துவிட்டால் எனக்குப் பேயும் ஒன்றுதான், போலீசும் ஒன்றுதான். அண்ணாச்சியைத் தள்ளிக்கொண்டு போய்த் தீக்குச்சி உரசினேன்.

ஒரு பெண். உயிரோடு.

குச்சியை முகத்தருகே கொண்டுபோனேன். கண் சிமிட்டவில்லை. விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வரியை முடித்துவிட்டுத்தான் தலையைத் திருப்பினாள்.

"யாரு அண்ணாச்சி? கந்தக வாசனை வருது. தீக்குச்சியா?"

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃப்ளோரா. கம்பெனியில இதே மெஷின்ல அடிச்ச பிள்ள. கண்ணு போச்சு. குருட்டுக்கு இங்க என்ன வேலைன்னு அனுப்பிட்டாவ. பொறவு மெஷினையும் பழசுன்னு தள்ளுனாவ, நான் எடுத்துட்டேன். வேற மெஷின்ல அவ வெரலு தடுமாறுது. யாரும் வாங்கிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் பேயின்னு சொல்லுதேன். வெளிய சொல்லிராதியும். யாரு அடிக்கான்னு தெரிஞ்சா, கடைக்கு வார இந்த டைப் வேலையும் போயிரும்."

"வேல யாரு குடுக்கறாங்க?"

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். ஃப்ளோராதான் சொன்னாள். கேட்டதும், நான் உரசிய இரண்டாவது தீக்குச்சி என் விரலைச் சுட்டது.

"இத்த நான் சும்மா வுடமாட்டேன்மா. பத்திரிகைல எழுதப் போறேன்."

"ஐயோ, வேண்டாம் வே" என்றார் அண்ணாச்சி.

அவள் மெஷினிலிருந்து தாளை உருவி எடுத்தாள். பிறகு, "எழுதுங்க சார். எனக்கும் பேயா இருந்து இருந்து சலிச்சுப்போச்சு" என்றாள்.

நான் ஒரு குட்டை மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பேரம் பேசித்தான் வாங்கினேன். பிறவிக் குணம், போகாது.

ஐயா மேனேஜரே, டைப் இன்ஸ்டிட்யூட்டில் குனிந்து கீயைப் பார்த்தால் விரலில் ஸ்கேலால் அடிப்பார்கள். நீரும் அடி வாங்கியிருப்பீர். பார்க்காமல் அடிப்பதுதான் இந்தத் தொழில். அந்தத் தொழிலிலிருந்து, கண் தெரியவில்லை என்று ஒருத்தியை வெளியே அனுப்பினீர்.

ஃப்ளோரா அன்று சொன்னது இதுதான்: உம் ஆபீஸ் வேலை அண்ணாச்சி கடைக்குத்தான் வருகிறது. 'இவ்வளவு சுத்தமா அடிக்கிற ஆள் யாருய்யா? நம்ம ஆபீசுக்கே கூட்டிக்கிட்டு வா' என்று வாராவாரம் சொல்லி அனுப்புகிறீர்.

அந்த ஆள் திங்கட்கிழமை வருகிறாள். எழுந்து போய் நீரே அவளுக்கு ஒரு நாற்காலி போடும்.