பார்த்துப் படி

"வண்டியை ஓட்டினது யாரு?"

வேட் விழித்தான். அண்ணன் டாரெல் நோட்டை அவன் மடியில் எறிந்தான்.

"குத்துமதிப்பா எதையும் உளறாதன்னு எத்தனை தடவை சொல்றது? தெரியலைன்னா பார்த்துப் படி."

"நான்தான் ஓட்டினேன்," என்று வேட் படித்தான்.

பனிச்சாலை விபத்தில் தலையில் அடிபட்டு அவன் மருத்துவமனைக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. காலையில் தின்றது மதியம் நினைவில்லை. ஒரே பதிலை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என இடைவெளி கூட்டிச் சொல்ல வைக்கும்படி நினைவுப் பயிற்சியாளர் ஜோலீன் சொல்லியிருந்தாள். டாரெல் ஒருநாளும் தவறவில்லை.

"எதிர்ல வந்த ஆள் செத்துட்டான். போலீஸ் முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சே, தொலைச்சிடுவேன்."

வியாழக்கிழமை போலீஸ் அதிகாரி ரெனீ வந்தாள். வேட் நோட்டைத் திறக்கவே இல்லை.

"நான்தான் ஓட்டினேன்."

"பாருங்க, எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு," என்றான் டாரெல்.

ரெனீ எதையும் எழுதவில்லை. வேட்டின் மருத்துவமனை அங்கி கழுத்தோரம் விலகியிருந்தது. வலது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே சீட் பெல்ட் அறுத்த தழும்பு.

"உங்க வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். ஓட்டுறவங்களுக்கு பெல்ட் இடது தோள் மேல வரும். இவருக்கு வலது தோள்ல இருக்கே."

டாரெலின் கை தன் இடது தோளுக்குப் போய் நின்றது. ரெனீ அதையும் பார்த்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க. வண்டியை ஓட்டினது யாரு?"

டாரெலுக்கு வாய் குழறியது.

வேட் நோட்டைப் பிரித்து அவன் மடியில் வைத்தான்.

"உளறாதண்ணே. தெரியலைன்னா பார்த்துப் படி."