தட்டு பிடிக்கிற கை

நுரையீரலில் ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்து பாயை விரித்து, பெருகவும் தொடங்கிவிட்டது. அக்கம்பக்கமாவது பிழைக்கட்டும் என்று, வைரஸின் துண்டொன்றைத் தட்டில் வைத்து வாசலில் நீட்டியது செல். ரோந்து வந்த காவல்கார டி செல் வாசலில் நின்றது; அடையாளம் தெரிந்தால் செல்லையும் வைரஸையும் சேர்த்தே கொன்றுவிடும். அந்தக் காவல்காரனின் ஒரு கை துண்டைத் தடவிப் பார்க்கும். வளைந்து கொடுக்கும் இன்னொரு நீளக் கை தட்டை ஆடாமல் பிடிக்கும்.

"கண்டுபிடிக்கிறது நான். நீ வெறும் தட்டு பிடிக்கிற ஆள்தானே?" என்றது தடவும் கை.

"அப்போ நீயே பிடிச்சுக்கோ!" என்று சுருண்டுகொண்டது நீளக் கை.

தட்டு ஆடியது. தடவும் கை வழுக்கி வழுக்கி விழுந்துவிட்டு, "இங்கே ஒண்ணுமில்லை" என்றது.

"அடப்பாவிகளா, சண்டையை அப்புறம் வச்சுக்குங்க! முதல்ல என்னைக் கொல்லுங்கடா!" என்று அலறியது செல்.

"யாரைப் பார்த்துடா வெறும் ஆள்னு சொன்னே?" என்று நீளக் கை எகிறியபோது செல் வெடித்தது. ஆயிரம் வைரஸ்கள் சண்டைக்கு இடைஞ்சல் பண்ணாமல் ஓரமாக நடந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தன.